ஆக்னஸ் டிரோப் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

கென்ய ஓட்ட வீராங்கனை ஆக்னஸ் டிரோப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஓட்டத்தைப் பற்றி அருமையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் கொலை, கணவர் என்று போய்விட்டீர்கள். தப்பான ஆளைக் கட்டிக்கொண்டது அந்தப் பெண்ணின் துரதிர்ஷ்டம். அது குடும்ப விஷயம். விளையாட்டோடு நிறுத்தியிருக்கலாம். அப்புறம் ஒரு சந்தேகம்: 10 கிலோமீட்டரில் அவர் ஓடிய 30:01 இன்னும் உலக சாதனைதானா? வேகத்தைக் கூட்டும் கார்பன் தகடு வைத்த ஷூ இல்லாமல் அது முடிந்திருக்குமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

ஷூ பேச்சை விட்டுவிடுவோம். முன்னணியில் ஓடுகிற எல்லோரும் இப்போது அதைத்தான் போடுகிறார்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது 2015 குய்யாங் ஓட்டத்தின் வீடியோவைத்தான் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சீனாவில் நடந்த உலக கிராஸ் கன்ட்ரி, அதாவது மேடுபள்ளமான திறந்தவெளியில் ஓடும் பந்தயம், 8 கிலோமீட்டர். டிரோப்புக்கு வயது 19. எத்தியோப்பியப் பெண்களை விட்டு அவர் பிரிந்து போகும் இடம் வந்தால் இப்போதும் எழுந்து நின்றுவிடுகிறேன். 1985-ல் ஜோலா பட் வென்ற பிறகு அவ்வளவு சின்ன வயதில் அந்தப் பட்டத்தை வேறு யாரும் வாங்கியதில்லை. 2017 லண்டனிலும் 2019 தோஹாவிலும் 10,000 மீட்டரில் வெண்கலம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓடி நான்காவதாக வந்தார், பதக்கம் ஒரு நொடிக்கும் குறைவான தூரத்தில் போனது. ஆறே வாரத்தில் ஜெர்மனியின் ஹெர்ட்சோகெனாவ்ராக் ஊரில் அந்த 30:01. பெண்கள் மட்டும் ஓடும் பந்தயத்தில் 19 வருடம் நின்ற சாதனையிலிருந்து 28 நொடியைக் குறைத்தார்.

அதற்கு அடுத்த மாதம், 2021 அக்டோபர் 13 அன்று, கென்யாவில் ஓட்டக்காரர்கள் பயிற்சி எடுக்கும் ஈட்டென் நகரில் அவருடைய வீட்டில் கத்திக்குத்துக் காயங்களோடு இறந்து கிடந்தார். கைதான கணவர், கொலை வழக்கில் தான் குற்றவாளி இல்லை என்றார். நந்தி மாவட்டத்தில் டிரோப்பை அடக்கம் செய்த நாள் அவருடைய 26-வது பிறந்தநாள்.

குடும்ப விஷயமா செந்தில்? கோபமாகவே சொல்கிறேன், இந்தச் சொல்லை இனி எழுதாதீர்கள். ஈட்டென் பக்கம் பல பெண்களுக்கு என்ன நடக்கிறது என்று அங்குள்ள வீராங்கனைகளே வெளியில் சொல்லியிருக்கிறார்கள். கிராமத்திலிருந்து ஒரு பெண் ஓட வருகிறாள், பள்ளிக்கூட வயது. நல்ல ஷூ இல்லை, வாடகைக்குக் காசு இல்லை. பயிற்சி தருகிறேன் என்று ஓர் ஆள் வருகிறான், ஷூ வாங்கித் தருகிறான். கொஞ்ச நாளில் அவனே கோச், அவனே மேனேஜர், அவனே புருஷன். பரிசுப் பணம் வந்ததும் நிலமும் வீடும் வண்டியும் அவன் பெயரில். என் பணம் எங்கே என்று அவள் கேட்கிற அன்றைக்கு அடி விழுகிறது. இதில் அந்தப் பெண் எந்த இடத்தில் ஆளைத் தேர்ந்தெடுத்தாள், சொல்லுங்கள்?

உகாண்டாவின் ரெபெக்கா செப்டெகெய் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடியவர். ஒரு மாதம்கூட ஆகவில்லை, கென்யாவில் அவருடைய வீட்டிலேயே முன்னாள் துணைவன் பெட்ரோல் ஊற்றி எரித்தான். நிலத் தகராறு என்று செய்தி வந்தது. நிலம், செந்தில். ஓடிச் சம்பாதித்த பணம் யார் கையில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு இந்தப் பெண்களின் ஓட்டத்தைப் பற்றி மட்டும் எப்படி எழுதுவது? டிரோப் இறந்த பிறகு வயோலா செப்டூவும் மற்ற வீராங்கனைகளும் சேர்ந்து பெண்கள் மீதான வன்முறையை எதிர்க்கும் ‘டிரோப்ஸ் ஏஞ்சல்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார்கள். விளையாட்டோடு நிறுத்திக்கொள்ள அவர்களால் முடியவில்லை.

30:01 என்று நொடி பிசகாமல் எழுதுகிற ஆள் நீங்கள். அந்தப் பெண்ணின் ஓட்டத்தை உண்மையாகவே நேசித்திருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

சரி, உங்கள் சந்தேகம். அந்தச் சாதனை இப்போது அவருடையது இல்லை. 2025 ஏப்ரலில் அதே ஹெர்ட்சோகெனாவ்ராக்கில் கென்யாவின் இன்னொரு ஆக்னஸ், ஆக்னஸ் ங்கெட்டிச், 29:27 ஓடினார். டிரோப் இருந்திருந்தால் அப்போது அவருக்கு 29 வயது.