திருமணப் புகைப்பட ஒப்பந்தம்: கேள்வியும் பதிலும்

சிங்கப்பூரில் திருமணம், வளைகாப்பு, அரங்கேற்றம் போன்ற நிகழ்ச்சிகளைப் படமெடுக்கும் இளையர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். பெருந்தொகை சம்பந்தப்பட்ட ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

ஐயா, எனக்கு வேலையெல்லாம் சொந்தக்காரர்கள் வழியாகத்தான் வருகிறது. ஒப்பந்தத்தை நீட்டினால் மனத்தாங்கல் ஏற்படாதா?

சொந்தம் என்றால்தான் கட்டாயம் எழுத வேண்டும். பெண்ணின் தாய்மாமா, “எல்லாப் படத்தையும் கொடுத்துவிடுவீர்கள் அல்லவா?” என்று கேட்க, நீங்களும் “ஆமாம்” என்கிறீர்கள். அவர் மனத்தில் இருப்பது கேமராவில் பதிவான அத்தனை படங்களும். உங்கள் மனத்தில் இருப்பது தேர்ந்தெடுத்துத் திருத்திய படங்கள் மட்டும். இருவருமே பொய் சொல்லவில்லை, ஆனாலும் சண்டை வந்துவிடும். வாட்ஸ்அப்பில் பேசி முடித்ததும் சட்டப்படி ஒப்பந்தமாகலாம் என்பது உண்மைதான். ஆனால் பல மாதக் குறுஞ்செய்திகளுக்கும் குரல் பதிவுகளுக்கும் நடுவே எது இறுதி முடிவு என்று பின்னர் யார் தேடிக் காட்டுவது?

“முழு நாள் படப்பிடிப்பு” என்று எழுதினால் போதுமா?

போதாது. அந்தச் சொல்லை அறவே தவிர்த்துவிடுங்கள். “காலை 5.30 முதல் 11.30 வரை சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில். மாலை 6 முதல் 10.30 வரை விருந்து மண்டபத்தில்” என்று இடமும் நேரமும் குறித்து, அதற்கு மேல் நீடித்தால் மணிக்கு எவ்வளவு என்பதையும், கூடுதல் நேரத்துக்கு அன்று யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். திருத்திய படங்கள் குறைந்தது எத்தனை, கேமராவில் பதிவான திருத்தாத மூலக் கோப்புகள் உண்டா இல்லையா என்பவையும் இடம்பெற வேண்டும். ஆல்பத்துக்கான கெடுவைத் திருமண நாளிலிருந்து கணக்கிடாதீர்கள். குடும்பத்தார் படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நாளிலிருந்து கணக்கிடுங்கள். தேர்வுக்கே மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் வீடுகள் பல உண்டு.

படங்கள் யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்தவர்கள் தங்களுக்கே என்கிறார்கள்.

முன்பு சட்டம் பெரும்பாலும் அவர்கள் பக்கமே இருந்தது. 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், பணம் பெற்று எடுத்த படத்துக்கும் அதை எடுத்தவரே முதல் உரிமையாளர். இதை வைத்து வாடிக்கையாளரை மிரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. தங்கள் திருமணப் படத்தை அச்சிடவும் பகிரவும் அவர்கள் ஒவ்வொரு முறையும் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? சொந்தப் பயன்பாட்டுக்குத் தாராளமாக அனுமதி கொடுத்து, வணிகப் பயன்பாட்டுக்கு மட்டும் தனி இசைவு வேண்டும் என்று எழுதுங்கள்.

அப்படியானால் என் இன்ஸ்டகிராமில் போட்டுக்கொள்ளலாமா?

உரிமை வேறு, இசைவு வேறு. முகம் அடையாளம் தெரியும் படம், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தனிநபர் தகவலாகும். விளம்பரத்துக்கான இசைவைப் பத்தோடு பதினொன்றாகப் புதைத்துவிடாமல், “ஆம்”, “இல்லை” என்ற இரு கட்டங்களுடன் தனியே கேளுங்கள். “இல்லை” என்பவரிடம் கட்டணத்தை ஏற்றாதீர்கள். மாப்பிள்ளையின் கையெழுத்து அங்கு வந்த விருந்தினர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்தாகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

“முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது” என்று எழுதலாமா?

எழுதுபவர்கள் பலர், ஆனால் அந்த ஒற்றை வரியை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஒப்பந்தத்தை மீறியவர் கட்ட வேண்டிய தொகை, இழப்பின் நேர்மையான முன்மதிப்பீடாக இருக்க வேண்டும், தண்டனையாக இருக்கக்கூடாது என்பதைச் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் மீண்டும் உறுதிசெய்தது. ஆகவே படிப்படியாக வையுங்கள். 2,500 வெள்ளி வேலைக்குத் தேதியை ஒதுக்கிவைக்க 500 வெள்ளி. ஆறு மாதங்களுக்கு முன்பே ரத்து செய்தால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். கடைசி மாதத்தில் ரத்து செய்தால் பாதிக் கட்டணத்தை அவர்கள் தர வேண்டும். தை, ஆவணி முகூர்த்த நாளைக் கடைசி நேரத்தில் இழந்தால் வேறு வேலை கிடைப்பது அரிது என்ற காரணத்தையும் ஒரு வரியில் சேருங்கள். தேதி மாற்றத்தை ரத்தாகக் கருதாமல், நீங்கள் ஓய்வாக இருக்கும் நாளுக்கு ஒருமுறை இலவசமாக மாற்றிக்கொள்ள இடம்கொடுங்கள். கொவிட் காலத்தில், 2020இல், நிகழ்ச்சி ஒப்பந்தங்களுக்குத் தனிச் சட்டமே நிவாரணம் தந்தது. அடுத்த முறையும் அப்படி ஒன்று வரும் என்று இருந்துவிடாமல், எதிர்பாராத தடை பற்றிய விதியை நீங்களே எழுதிவிடுங்கள்.

நான் நோயுற்றாலோ மெமரி கார்டு பழுதானாலோ?

உங்களுக்குப் பதிலாக யார் வருவார் என்பதையும், அவரை ஏற்காவிட்டால் பணம் முழுதும் திரும்பும் என்பதையும் எழுதுங்கள். உங்கள் பொறுப்புக்கு, அதாவது நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்கு, உச்சவரம்பு வைக்கலாம். அது நியாயமானதாக இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் செல்லாமல் போகலாம். இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் கேமராவைப் பயன்படுத்துங்கள்.

மீதிப் பணத்தைத் தர மறுத்தால்?

20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் எழுத்து மூலம் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். முறையிடும் உரிமை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். அங்கு வழக்கறிஞர்கள் வாதாட முடியாது; நீங்களேதான் பேச வேண்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தம், விலைப்பட்டியல், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.