கருந்துளை வட்டிலிருந்து வீசும் காற்று: கேள்வி பதில்

எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்களைப் பற்றி (ஒரு விண்மீனும், அதன் வளிமத்தை இழுக்கும் கருந்துளையோ அதுபோன்ற அடர்ந்த பொருளோ ஒன்றையொன்று சுற்றிவரும் அமைப்புகள் இவை) அண்மையில் தருமபுரியில் பேசியபோது வந்த கேள்விகளுக்கு, நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து, இங்கே எழுத்தில் விடை தருகிறேன்.

ஐயா, கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கும் என்றுதானே படித்தோம். அதிலிருந்து காற்று எப்படி வரும்? (அரூர், பிளஸ் டூ மாணவி)

கருந்துளைக்குள்ளிருந்து எதுவும் வருவதில்லை, அம்மா. துணை விண்மீனிடமிருந்து இழுக்கப்படும் வளிமம் நேராக உள்ளே விழாமல், சுற்றிச் சுற்றி வந்து ஒரு வட்டாகப் பரவுகிறது. காற்று கிளம்புவது அந்த வட்டின் மேற்பரப்பிலிருந்துதான். மையத்தில் கருந்துளைக்குப் பதிலாக நியூட்ரான் விண்மீன் (பெரிய விண்மீன் இறந்தபின் எஞ்சும் மிக அடர்ந்த கரு) இருக்கும் வட்டுகளிலும் இது நிகழ்கிறது.

ஒகேனக்கல்லில் அருவி விழும் இடத்தில் சாரல் எழுவதைப் போன்றதா? (பென்னாகரம், வாசகர்)

அழகான ஒப்புமைதான், ஆனால் ஓரிடத்தில் அது நம்மைத் தவறான பக்கம் இட்டுச் செல்லும். சாரல் எழுவது நீர் போய் மோதும் அடியில். இந்தக் காற்று எழுவதோ, பெரும்பாலும், மையத்தைவிட்டு வெகுதொலைவில் உள்ள வெளிவட்டில். மையத்தை ஒட்டிய பகுதியிலிருந்து புறப்படும் எக்ஸ் கதிர்கள் வெளிவட்டின் மேற்பரப்பைச் சுட்டு, அங்குள்ள வளிமத்தை ஏறத்தாழ 1 கோடி கெல்வின் வரை சூடாக்குகின்றன. உள்வட்டில் அதே வெப்பம் இருந்தாலும் ஈர்ப்பின் பிடி கடுமையாக இருப்பதால் வளிமம் தப்ப முடியாது; வெளியே பிடி தளர்ந்திருப்பதால் தப்பிவிடுகிறது. இதை 1983இல் பெகல்மன், மெக்கீ, ஷீல்ட்ஸ் ஆகிய மூவர் கணக்கிட்டுக் காட்டினர். ஆயினும் வெப்பம் ஒன்றே போதும் என்று நான் சொல்லமாட்டேன். ஜிஆர்ஓ ஜே1655-40 என்ற கருந்துளை அமைப்பை 2005இல் சந்திரா என்னும் எக்ஸ் கதிர் தொலைநோக்கி விண்கலம் நோக்கியபோது தெரிந்த காற்று, மையத்துக்கு மிக அருகில் எழுந்ததாகவும் காந்தப்புலமே அதைத் தள்ளியிருக்க வேண்டும் என்றும் ஒரு குழுவினர் வாதிட்டனர். அந்த விவாதம் நெடுநாள் நீண்டது.

கண்ணுக்குத் தெரியாத காற்றின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்? (ஓசூர், தொழிற்சாலை ஊழியர்)

இரும்பை வைத்து அளக்கிறார்கள், தம்பி. தன் 26 எலக்ட்ரான்களில் 24ஐயோ 25ஐயோ இழந்துவிட்ட இரும்பு, 6.7, 6.97 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) அளவிலான எக்ஸ் கதிர்களை உட்கவர்ந்து, நிறமாலையில் இருண்ட வரிகளை விடுகிறது. வளிமம் நம்மை நோக்கி வந்தால் அவ்வரிகள் சற்றே உயர் ஆற்றல் பக்கம் நகரும். நகர்வின் அளவே வேகத்தைத் தரும். நொடிக்குச் சில நூறு முதல் ஆயிரம் கி.மீ. வரை என்பது வழக்கமான விடை. கருந்துளை அமைப்புகளில், வட்டை விளிம்புப் பக்கமாக நாம் பார்க்க நேர்ந்தவற்றில்தான் இவ்வரிகள் தென்படுகின்றன. காற்று மேல்நோக்கிப் பீறிடாமல், வட்டின் தளத்தை ஒட்டியே படர்கிறது என்பதற்கு இதுவே சான்று.

பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி இருக்கிறதே, அதில் பார்க்க முடியாதா? (ஊத்தங்கரை, ஆசிரியர்)

எக்ஸ் கதிர்களை நம் வளிமண்டலம் தடுத்துவிடுவதால் அதற்கு விண்கலம்தான் வேண்டும். ஆனால் குளிர்ந்த காற்று கண்ணுறு ஒளியிலும் தன் தடத்தை விடுகிறது. 2015 ஜூனில் வி404 சிக்னி என்ற கருந்துளை அமைப்பு வெடித்தெழுந்தபோது (அதாவது திடீரெனப் பேரொளி வீசியபோது), கேனரித் தீவிலுள்ள 10.4 மீட்டர் தொலைநோக்கி, நொடிக்கு 3,000 கி.மீ. வரை வீசிய காற்றை ஹைட்ரஜன், ஹீலியம் வரிகளில் கண்டது.

இவ்வளவு வளிமம் வெளியேறினால் கருந்துளைக்கு என்ன மிஞ்சும்? (கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவர்)

என்னை இத்துறையில் பிடித்து வைத்திருக்கும் கேள்வியே இதுதான். பல அமைப்புகளில் உள்ளே விழுவதைவிட வெளியே வீசப்படுவதே அதிகம் என்று மதிப்பிடுகிறார்கள். அப்படியானால் காற்று வட்டின் இருப்பையே கரைத்து, வெடிப்பை முன்கூட்டியே அடக்கிவிடும். வி404 சிக்னியின் பேரொளி இரண்டே வாரங்களில் தணிந்ததற்கு, வெளிவட்டிலிருந்த வளிமத்தைக் காற்று வாரிக்கொண்டு போனதே காரணம் என்று அதைக் கண்டவர்கள் கருதினர்.