மருமகளுக்கு ஒரு வரி

வணக்கம். என் மகன் ஹவாயில் ஹீலோ நகரில் வேலை பார்க்கிறான். அவன் மணக்கப்போகும் பெண் அந்த ஊர்க்காரி, ஹவாய் மொழிவழி மழலையர் பள்ளியில் ஆசிரியை. வாழ்த்து மடலில் அவள் மொழியிலேயே என் அன்பைச் சொல்ல ஆசை. இணையத்தில் ‘அலோஹா ஔ இயா ஓஎ’ (நான் உன்னை நேசிக்கிறேன்) என்று கிடைத்தது. எழுதலாமா?
— ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதலாம், பிழையில்லாத வாக்கியம். ஆனால் மருமகளுக்கு எழுத அதைவிட நெருக்கமான வழி ஒன்று அந்த மொழியில் இருக்கிறது.

ஹவாய் மொழியில் ‘என்’ என்பது ஒரே சொல் அல்ல. பெற்றோர், உடன்பிறந்தோர், நிலம், உடல் என்று பிறப்போடு வந்தவற்றுக்குக் ‘கொஉ’. கணவன், மனைவி, பிள்ளை என்று நம் வாழ்வில் நாமே சேர்த்துக்கொண்டவர்களுக்குக் ‘கஉ’. இந்தப் பிரிவினையைக் கடந்து, பாசத்தோடு அழைக்க மட்டும் ‘குஉ’ என்று மூன்றாவது ஒன்று உண்டு. காதலியை ‘குஉ இப்போ’ என்பார்கள். மருமகள் ‘ஹூனோனா’. ஆகவே ‘எ குஉ ஹூனோனா’, அதாவது என் அன்பு மருமகளே, என்று மடலைத் தொடங்குங்கள். கடைசியில் ‘மே கே அலோஹா’, அதாவது அன்புடன், என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். வேறு எதுவும் தேவையில்லை.

இந்தக் ‘குஉ’வின் வலிமையைப் பழைய இரங்கற்பாக்களில் பார்க்கலாம். 1834 முதல் 1948 வரை ஹவாய் மொழியில் செய்தித்தாள்கள் வெளிவந்தன. கணவனை இழந்தவள் தன் புலம்பலை எழுதி அவற்றுக்கு அனுப்புவாள். ‘ஹீலோவின் கனிலெஹுவா மழையில் என் கணவனே’ என்று ஒரு வரி. அடுத்த வரியில் வேறோர் ஊர், அந்த ஊர் மழையின் பெயர் அல்லது காற்றின் பெயர், மறுபடியும் ‘குஉ கானே’. மானோவா பள்ளத்தாக்கின் மழைக்குத் துவாஹினே என்று பெயர், வைமேயாவின் குளிர்மழைக்குக் கீபுஉபுஉ. இருவரும் சேர்ந்து நனைந்த இடங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். ‘உன்னை நேசித்தேன்’ என்று ஓரிடத்திலும் சொல்லாமலே பாடல் முடிந்துவிடும். என்னைக் கலங்க வைக்கும் எழுத்து அது. ஆனால் திருமண மடலில் அந்த அடுக்கைப் பின்பற்றிவிடாதீர்கள், அது சாவு வீட்டுப் பாட்டு.

ஒன்றை மனதில் வையுங்கள். 1893இல் அரசி லிலியுஒகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. அதன்பின் எத்தனையோ வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளைத் தங்கள் மொழியில் கொஞ்சுவதையே நிறுத்திவிட்டார்கள். 1984இல் கவாய் தீவின் கெகஹாவில் முதல் ‘பூனானா லேயோ’ மழலையர் பள்ளி தொடங்கிய பிறகுதான் சின்னக் குழந்தைகளின் வாயில் அந்தப் பேச்சு மீண்டும் கேட்கத் தொடங்கியது. உங்கள் மருமகள் செய்வது அந்த வேலைதான். ஈரோட்டிலிருந்து ஒரு மாமியார் ‘குஉ’ என்று எழுதுவது அவளுக்குச் சிறிய விஷயமாக இருக்காது.

நேரில் பார்க்கும்போது அவள் வீட்டுப் பெரியவர்கள் மூக்கோடு மூக்கு வைத்து மூச்சை உள்ளிழுக்கலாம், பின்வாங்கிவிடாதீர்கள். ‘ஹோனி’ என்பது அது. நாம் பிள்ளைகளை உச்சி முகர்வதைப் போன்றதுதான்.

மடலை அச்சுக்குக் கொடுத்தால், ‘குஉ’வின் நடுவே மேற்கோள்குறி போலத் தலைகீழாக வரும் ‘ஒகினா’வை அச்சகத்தார் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அலங்காரக் குறி அல்ல, ஓர் எழுத்து. ‘கொஉ’வில் அதை விட்டுவிட்டால் ‘என்’ என்பது ‘உன்’ ஆகிவிடும். கையாலேயே எழுதினால் இன்னும் நல்லது.

மணமக்களுக்கு என் வாழ்த்துகளையும் சொல்லுங்கள்.