குவைத்தும் குழாய்க் கிணறும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலந்தாவளம் சந்தை பற்றிய உங்கள் கட்டுரையில் ‘குவைத் சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பியவர்கள்’ என்று ஒரு வரி வருகிறது. என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். அப்போது நான் பிறக்கவில்லை. அந்தப் படையெடுப்பு எதனால் வந்தது என்று கேட்டால், ‘சதாமின் திமிர், வேறென்ன’ என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். அவ்வளவுதானா?

ம.,
கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ம.,

அப்பா சொல்வது பொய்யில்லை. 1990 ஆகஸ்ட் 2 விடியற்காலையில் குவைத்துக்குள் டாங்கிகளை அனுப்பியது இராக் அதிபர் சதாம் உசேன்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அவருக்குத் திமிர் அதற்கு முந்தைய ஆண்டும் இருந்தது, அதற்கும் முந்தைய ஆண்டும் இருந்தது. ஏன் அந்த ஆகஸ்டில் என்று கேட்டால் கடன் கணக்கைத்தான் புரட்ட வேண்டும்.

1980 முதல் 1988 வரை இராக் ஈரானோடு போரிட்டது. செலவுக்குக் குவைத்தும் சவூதியும் பல ஆயிரம் கோடி டாலர்களைக் கடனாகக் கொடுத்தன. போர் முடிந்ததும் அதைத் தள்ளுபடி செய்யச் சொன்னார் சதாம். உங்களுக்கும் சேர்த்துத்தானே ஈரானைத் தடுத்து நின்றேன் என்பது அவர் வாதம். குவைத் இசையவில்லை. அதோடு எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் ஒதுக்கிய அளவுக்கு மேல் எண்ணெய் எடுத்து விற்றது. விலை இறங்கியது. பீப்பாய்க்கு ஒரு டாலர் குறைந்தால் ஆண்டுக்கு 100 கோடி டாலர் நட்டம் என்று இராக் புலம்பியது.

ருமைலா எண்ணெய் வயல் விவகாரத்தை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். எல்லைக்கு இருபுறமும் பரந்து கிடக்கும் வயல் அது. குவைத் சாய்வாகத் துளைபோட்டு எங்கள் பங்கைத் திருடுகிறது என்றது இராக். எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் பக்கத்துத் தோட்டக்காரர் ஆயிரம் அடிக்குப் போர் போட்டதும் தன் கிணறு வற்றிப்போனதாகப் பஞ்சாயத்துக்கு வராதவர் உண்டா? பூமிக்கு அடியில் யார் எவ்வளவு உறிஞ்சினார்கள் என்று யாருக்கும் நிரூபிக்க முடியாது. அதனாலேயே அந்தச் சண்டை தீருவதில்லை. (இந்தப் போருக்கும் அந்தப் போருக்கும் தமிழில் ஒரே எழுத்து; குற்றம் என்னுடையது அல்ல.)

ஜூலை 25 அன்று பாக்தாத்தில் அமெரிக்கத் தூதர் சதாமைச் சந்தித்து, அரபு நாடுகளுக்குள் உள்ள எல்லைத் தகராறில் தங்களுக்குக் கருத்து ஏதுமில்லை என்றார். அதைச் சதாம் பச்சைக்கொடியாக எடுத்துக்கொண்டாரா என்று இன்றும் வாதிடுகிறார்கள். தூதர் வாயே திறக்காவிட்டாலும் படை போயிருக்கும் என்பது என் எண்ணம். அதற்குள் அது எல்லையில் குவிந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 1 அன்று சவூதியின் ஜித்தா நகரில் இராக்கும் குவைத்தும் நடத்திய பேச்சு முறிந்தது.

பிறகு நடந்ததில் ஒரு பகுதி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் பெரும்பாலும் ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக விமானத்தில் வந்து சேர்ந்தார்கள். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் சதாமைக் கட்டித்தழுவிய படத்தைப் பார்த்து அன்று நானும் கொதித்தேன். திரும்பி வந்தவர்கள் பாலக்காட்டில் ரயிலை விட்டு இறங்கியதைப் பார்த்தபின் கொதிப்பு அடங்கியது.

பிஸ்கட் டப்பாவில் குவைத் தினாரை அடுக்கி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஆகஸ்டுக்கு முன் ஒரு தினார் மூன்று டாலருக்கும் மேல். ஆக்கிரமித்தவர்கள் அதை இராக் தினாருக்குச் சமம் என்று அறிவித்தார்கள். வெளிச்சந்தையில் இராக் தினாருக்கு அதில் சிறு துளி மதிப்புக்கூட இல்லை. விடுதலைக்குப் பின் குவைத் புதிய நோட்டு அடித்துப் பழையதைச் செல்லாததாக்கியது. விவரம் தெரிவதற்குள் இவருக்குக் காலம் கடந்துவிட்டது. டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, அதே வரிசையில் மறுபடியும் அடுக்குவார்.

பின்னர் ஐ.நா. இழப்பீட்டுப் படிவம் வந்தது. ஆங்கிலப் படிவம்; தமிழ் மட்டும் படித்த ஐந்து பேருக்குப் பாலக்காட்டில் ஒரு தட்டச்சு நிலையத்தில் உட்கார்ந்து நான் நிரப்பிக் கொடுத்தேன். புறப்பட்ட தேதியைக் கேட்டால் ‘ஓணம் கழிந்து நாலாம் நாள்’ என்றார்கள். நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர் என்ற வகையில் தனியாளுக்கு 2,500 டாலர். வேறு கோரிக்கை எதுவும் இல்லையென்றால் 4,000.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அப்போது நானும் யோசிக்கவில்லை. இராக் விற்ற எண்ணெயிலிருந்து வந்தது. பொருளாதாரத் தடைக்கு நடுவே, உணவுக்கும் மருந்துக்கும் என்று விற்க அனுமதித்த எண்ணெயில் நூற்றுக்கு முப்பது பங்கு இழப்பீட்டு நிதிக்குப் போனது. பாக்தாத் ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு நிலவிய ஆண்டுகள் அவை. சதாம் 2006இல் தூக்கிலிடப்பட்டார். இராக் கடைசித் தவணையைக் கட்டி முடித்தது 2022இல். மொத்தம் 5,240 கோடி டாலர். படையெடுத்த நாளில் பிறந்த இராக் குழந்தைக்கு அப்போது 31 வயது.

நம் ஆட்களுக்கு அந்தப் பணம் நியாயமாகச் சேர வேண்டியதுதான். கொடுத்தவர்கள் அதைத் தர வேண்டியவர்கள்தானா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

அப்பாவிடம் இனி ‘எதனால்’ என்று கேட்காதீர்கள். பாக்தாத்திலிருந்து அம்மானுக்கு எந்த வண்டியில், யார் யாருடன் போனார், வழியில் குபூஸ் ரொட்டி யார் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். என் ஐந்து பேரும் அதைப் பற்றி மட்டும் நிறுத்தாமல் பேசினார்கள்.