மலைப்பாதையைத் திறந்துவிடச் சொல்லி மனு கொடுத்தால் ஏதாவது நடக்குமா?

நீங்களும் எங்கேயோ முள்வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் என்றே நினைக்கிறேன். நடக்கும். எங்கள் ஊரில் நடந்தது. ஆனால் ஒரு வருடம் இரண்டு மாதம் ஆனது.

ஊருக்கு மேற்கே ஒரு கரடு, அதாவது சின்னக் குன்று. தாத்தா காலத்திலிருந்து அந்த அடிவாரத்துக்குத்தான் ஆடு ஓட்டிப் போவார்கள். ஞாயிறு காலையில் நாங்கள் நாலைந்து பேர் ஏறுவோம். ஒருநாள் போனால் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தை வாங்கியவர் பாதையையும் சேர்த்து வளைத்துவிட்டார்.

முதல் மனுவில் இயற்கை, தூய காற்று என்று இரண்டு பக்கம் எழுதினேன். 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஓய்வுபெற்ற தலையாரி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "தம்பி, இதுல சர்வே நம்பர் எங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது.

எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டின் நகலும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும் வாங்கினேன். இரண்டிலும் அது வண்டிப்பாதை, அரசு புறம்போக்கு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இந்த நிலத்துக்கு யாருக்காவது பட்டா கொடுத்திருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 'இல்லை' என்று எழுத்தில் வந்தது. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அதை எடுத்துக்கொண்டு போனோம். ஆடு மேய்க்கும் ஓர் அம்மா எழுந்து, "ரெண்டு மைல் சுத்திப் போறேன், குட்டியெல்லாம் பாதி வழியிலயே படுத்துக்குது" என்றார். நான் எழுதிய இரண்டு பக்கத்தைவிட அது எடுபட்டது. தீர்மானம் நிறைவேறியது. தீர்மான நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனோம். சர்வேயர் வந்து அளந்தார், தூண்களைப் பிடுங்கினார்கள்.

காட்டுக்குள் யார் வேண்டுமானாலும் போகட்டும் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிப் போன உயிர்களை மறக்க முடியாது. காப்புக்காட்டுக்கு அனுமதி கட்டாயம் வேண்டும். எங்கள் கரடு வருவாய்த்துறை நிலம், அது வேறு. வனத்துறை 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை இணைய முன்பதிவோடு திறந்தது. உள்ளூர் மக்களையே வழிகாட்டியாக வைத்தது மிக நல்ல காரியம். கட்டணம்தான் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு எட்டாது. அதைக் குறைக்கச் சொல்லியும் எழுதியிருக்கிறேன்.

ஒரு பாதைக்குச் சரி, பெரிய விஷயத்துக்கு இது உதவுமா என்றால், மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்றியுள்ள ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன, மதுரை வரை பேரணி போயின. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு ஆறவில்லை. என் மகள் பள்ளியில் சுற்றுலா என்றால் வருடாவருடம் தண்ணீர்ப் பூங்காதான். ஜன்னலில் தெரிகிற மலைக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள் என்று கேட்டால், பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள் என்கிறார்கள். நானும் பெற்றோர்தானே?

பாதையில் இப்போது ஆடுகள் போகின்றன. 'பொதுப் பாதை' என்று சர்வே எண்ணோடு ஒரு பலகை வைக்கக் கேட்டிருக்கிறோம். அக்டோபர் 2 கிராம சபைக்கு வருகிறது.