பேஸ் இல்லாத ஃபங்க்

அன்புள்ள ஐயா,

தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் இசையின் உயிர்நாடி, கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிடார் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் ‘கிஸ்’ பாடலைக் கேட்டேன். பேஸ் கிடாரைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. என் இயர்போன் பழுதா, பதிவே அப்படித்தானா? பேஸ் இல்லாத பாட்டு எப்படி ஃபங்க் ஆகும்? சில ஆண்டுகள் மிருதங்கம் பயின்றவன், அதனால் கேட்கிறேன். இன்னொன்று, பிரின்ஸ் தனியாளாக உட்கார்ந்து ஒரே இரவில் எல்லாவற்றையும் வாசித்துப் பதிவு செய்த பாடல் இது என்கிறார் என் நண்பர். உண்மையா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

உங்கள் இயர்போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பாடலில் பேஸ் கிடார் கிடையாது. முதலில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள்.

நண்பரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் சொல்வது சரியல்ல. அந்தக் கதையில் விடுபட்டுப்போகும் மனிதர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1985-இல் லாஸ் ஏஞ்சலீஸின் சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவில் மாசராட்டி என்ற குழுவின் முதல் ஆல்பம் தயாராகிக்கொண்டிருந்தது. பிரின்ஸின் ‘ரெவல்யூஷன்’ குழுவில் பேஸ் வாசித்த பிரவுன் மார்க் உருவாக்கிய குழு அது. தயாரிப்பைக் கவனித்தவர் டேவிட் இசட் என்று அறியப்படும் டேவிட் ரிவ்கின், ரெவல்யூஷனின் டிரம்மர் பாபி இசட்டின் அண்ணன். அதே ஸ்டுடியோவின் இன்னொரு அறையில் பிரின்ஸ் தன் வேலையில் இருந்தார். மாசராட்டியினர் தங்களுக்கு ஒரு பாட்டு தரும்படி கேட்டபோது, பிரின்ஸ் ஒரு கேசட்டில் அக்கூஸ்டிக் கிடாரை மீட்டிக்கொண்டு ஒரு சரணமும் பல்லவியும் பாடிக் கொடுத்தார். மொத்தம் ஒரு நிமிடம் இருக்கும். அதை என்ன செய்வதென்று வாங்கியவர்களுக்கு விளங்கவில்லை.

அன்றிரவு டேவிட் இசட் செய்ததைத்தான் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். முதலில் லின் என்ற டிரம் மெஷினில், அதாவது மின்னணுத் தாளக் கருவியில், ஒரு தாளத்தை அமைத்தார். அதிலிருந்து ‘ஹை-ஹேட்’ எனப்படும் ஜால்ரா போன்ற தட்டின் ஒலியை மட்டும் பிரித்து, ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் ஒரு டிலே கருவிக்குள் அனுப்பினார். மூல அடியையும் அதன் எதிரொலியையும் மாற்றி மாற்றித் திறந்து மூடியபோது, யாரும் கையால் வாசிக்க நினைத்திராத ஒரு துள்ளல் கிடைத்தது. அடுத்து அக்கூஸ்டிக் கிடாரில் கார்டுகளை நீளமாக மீட்டிப் பதிவு செய்தார். அந்தக் கிடாரை, ஒலியைக் கதவுபோலத் திறந்து மூடும் ‘கேட்’ என்ற கருவி வழியாகச் செலுத்தி, கேட்டின் சாவியை ஹை-ஹேட்டிடம் கொடுத்துவிட்டார். ஹை-ஹேட் ஒலிக்கும்போது கதவு திறக்கும், கிடார் கேட்கும். ஹை-ஹேட் நின்றால் கதவு மூடிக்கொள்ளும். இடைவிடாமல் ஓடிய கிடார் இப்படித் துண்டு துண்டாக நறுக்கப்பட்டுத் தாளக் கருவியாகவே மாறிவிட்டது. பாடல் முழுக்க விட்டு விட்டுத் துடிக்கும் அந்த ஒலி, கிடார் கலைஞரின் விரல் வேகத்தால் வந்ததன்று. இதற்கு மேல் மாசராட்டியினர் பின்னணிக் குரல்களைப் பாடினார்கள். பேஸும் சேர்ந்தது.

விடிந்து டேவிட் இசட் ஸ்டுடியோவுக்குத் திரும்பியபோது பாட்டு கைமாறியிருந்தது. இரவில் முடித்ததைக் கேட்ட பிரின்ஸ், இதை நானே வைத்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். மாசராட்டியின் முதன்மைக் குரலை நீக்கி, ஒரு ஸ்தாயி மேலே, கள்ளக்குரலில் தானே பாடினார். ஃபங்க் முன்னோடி ஜேம்ஸ் பிரவுனின் பழைய பாணியில் ஒரு மின்கிடார் வரியைச் சேர்த்தார். பேஸை நீக்கிவிட்டார். பின்னணிக் குரல்களை அப்படியே விட்டார். நீங்கள் இன்று கேட்பதும் மாசராட்டியின் குரல்களைத்தான்.

கொடுத்ததைத் திரும்பப் பறிப்பது நியாயமா என்ற கேள்வி எனக்கு உண்டு. ஒரு புதிய குழுவின் வாழ்க்கையையே மாற்றியிருக்கக்கூடிய பாட்டு அது. ஆனாலும் பேஸை எடுத்த காது பிரின்ஸுடையது, அதை மறுக்க முடியாது. 1984-இல் ‘வென் டவ்ஸ் க்ரை’ பாடலிலும் பதிவு செய்த பேஸைக் கடைசியில் நீக்கியவர் அவர். அந்தப் பாடல் அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. பேஸ் போன பிறகு கனம் எங்கே போயிற்று? காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம்முக்குப் போயிற்று. கிக்கின் ஒலியை, எதிரொலி சேர்க்கும் ஒரு டிஜிட்டல் ரிவெர்ப் கருவியில், எதிரொலி தலைகீழாக எழும்பும் அமைப்பில் ஓட விட்டார்கள். அடி விழுந்தவுடன் அதற்கு ஒரு வால் முளைக்கிறது. அது வீங்கி, சட்டென்று அடங்குகிறது. காது அதையே பேஸ் என்று எடுத்துக்கொள்கிறது. மிருதங்கம் பயின்ற உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ரவை அப்பிய பிறகு விழும் ஒரு கும்காரம் எவ்வளவு இடத்தை நிரப்பும் என்று உங்கள் இடது கைக்குத் தெரியும். உயிர்நாடி என்று நான் எழுதியது கருவியின் பெயரோடு நின்றுவிட்டது, அது என் பிழை. ஃபங்க்குக்கு வேண்டியது கீழே விழும் கனமும், இரண்டு அடிகளுக்கு நடுவே விடப்படும் வெற்றிடமும். ‘கிஸ்’ பாடலில் அந்த வெற்றிடம் ஏராளம். தனித்தனியாகப் பதிவான ஒலித்தடங்கள் மொத்தமே ஒன்பதுதான், கலவையை ஐந்து நிமிடத்தில் முடித்தோம் என்று டேவிட் இசட் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பிரின்ஸின் இசைத்தட்டுகளை வெளியிட்ட வார்னர் நிறுவனத்தாருக்கு இது பிடிக்கவில்லை. பேஸ் இல்லை, குரலில் எதிரொலி இல்லை, மாதிரிப் பதிவுபோல இருக்கிறது என்றார்கள். கனத்த ரிவெர்ப்பில் எல்லாவற்றையும் முக்கியெடுத்த காலம் அது. அவர்கள் காதுக்கு இது முடிக்காத வேலையாகப் பட்டதில் வியப்பில்லை. பிரின்ஸ் மசியவில்லை. 1986 பிப்ரவரியில் தனிப்பாடலாக வெளிவந்தது. மார்ச் இறுதியில் வந்த ‘பரேட்’ ஆல்பத்தில் இரண்டாம் பக்கத்தில் இடம்பெற்றது. ஏப்ரலில் அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம். அந்த வாரம் இரண்டாமிடத்தில் இருந்தது பேங்கிள்ஸ் குழுவின் ‘மேனிக் மண்டே’. அதுவும் பிரின்ஸ் புனைபெயரில் எழுதிக் கொடுத்த பாட்டுதான்!

இசைத்தட்டில் டேவிட் இசட்டுக்கு இசையமைவுக்கான (அரேஞ்ச்மெண்ட்) பெயர் கிடைத்தது. இணைத் தயாரிப்பாளர் என்றே போட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் நண்பரிடம் அந்தப் பெயரையும் மாசராட்டியின் பெயரையும் சொல்லுங்கள்.

அடுத்த முறை கேட்கும்போது குரலை விட்டுவிட்டு ஹை-ஹேட்டை மட்டும் பின்தொடருங்கள். கிடார் அதோடு சேர்ந்து திறந்து மூடுவது கேட்கும். பிறகு கிக்கின் வாலுக்கு வாருங்கள். உங்கள் இடது கை தானாகத் தொடையில் தட்டத் தொடங்கினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.