பைக் டயருக்கு நைட்ரஜன் அடிப்பது நல்லதா, சாதாரணக் காற்றே போதுமா?

நைட்ரஜன் அடித்தால் காற்று இறங்காது, டயர் சூடாகாது, மைலேஜ் கூடும் என்கிறார்களே, பைக்குக்கு அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் வேலைக்குப் போய்வரும் 100, 150 சிசி வண்டி என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: சாதாரணக் காற்றே போதும். நைட்ரஜனால் கெடுதல் ஒன்றும் கிடையாது. ஆனால் அது செய்யும் என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் அது செய்வதில்லை.

நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆக்சிஜன் 21. இந்த ஆக்சிஜன் ரப்பர் வழியாகக் கொஞ்சம் சீக்கிரம் கசியும், அது உண்மை. எவ்வளவு சீக்கிரம்? அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 31 வகை கார் டயர்களில் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) ஏற்றி ஓராண்டு வைத்துப் பார்த்தது. காற்று அடித்தவற்றில் சராசரியாக 3.5 குறைந்தது, நைட்ரஜனில் 2.2. வருஷத்துக்கு 1.3 பிஎஸ்ஐ வித்தியாசம், அவ்வளவுதான். உங்கள் டயரில் வாரத்துக்கு 3, 4 இறங்கினால் அது ரப்பர் வழியாகப் போவது இல்லை. வால்வு பின்னிலோ, ரிம் ஓரத்திலோ, டியூபிலோ ஓட்டை இருக்கிறது. அந்த வழியாக நைட்ரஜனும் போகும்.

"சூட்டில் நைட்ரஜன் விரியாது" என்பது தவறு. எல்லா வாயுவும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விரியும். காலையில் 28 டிகிரியில் 28 பிஎஸ்ஐ வைத்த டயர், வெயிலில் ஓடி 58 டிகிரிக்குப் போனால் 32 காட்டும், உள்ளே எது இருந்தாலும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்: அதிகமாக இருக்கிறதே என்று சூடான டயரில் காற்றைப் பிடுங்கி 28க்குக் கொண்டுவருவார்கள். மறுநாள் காலை டயர் ஆறியதும் அது 24 ஆகிவிடும். வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆன பிறகு, அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஓடியிருக்கும்போது மட்டும் பாருங்கள்.

விமானத்துக்கு அடிக்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு: 1986இல் மெக்சிகோவில் ஒரு போயிங் 727 விழுந்து 167 பேர் இறந்தார்கள். பிரேக் சூட்டில் வெடித்த டயரில் நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று இருந்தது. அந்த அளவு வெப்பம் உங்கள் டிரம் பிரேக்கில் வராது.

நைட்ரஜனில் உண்மையான ஒரு நன்மை, அதில் ஈரம் இல்லை. கம்ப்ரஷர் டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கும்; தினமும் டேங்கின் அடியிலுள்ள திருகைத் திறந்து வடிக்காத கடையில் அதுவும் சேர்ந்து டயருக்குள் போகும். மழைக்காலத்தில் வால்வு பின்னை லேசாக அழுத்தி உள்ளங்கையை நேரே காட்டுங்கள். கையில் பிசுபிசுவென்று ஈரம் ஒட்டினால் கடையை மாற்றுங்கள். டியூப் இல்லாத டயரில் இரும்பு ரிம் உள்ளிருந்து துருப்பிடிப்பது இதனாலும்தான்.

இன்னொன்று, காசு கொடுத்தாலும் முழு நைட்ரஜன் கிடைப்பதில்லை. காற்றை வெளியேற்றினாலும் டயருக்குள் வெளிக்காற்றின் அழுத்த அளவுக்குக் காற்று நிற்கும். அதன்மேல் 95 சதவீத நைட்ரஜனை 29 பிஎஸ்ஐ வரை ஏற்றினால் மொத்தம் 89 சதவீதம்தான் வரும். இன்னொரு முறை இறக்கி ஏற்றினால் 93. பெரும்பாலும் ஒரு முறைகூட முழுசாக இறக்குவதில்லை, இருப்பதன்மேல் நிரப்பி, நைட்ரஜன் அடித்ததற்கு அடையாளமான பச்சை மூடியைத் திருகி அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தக் காசில் பஞ்சர் கடையில் வால்வு பின்னை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதும் வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் வையுங்கள்; குமிழி எழும்பாமல் படலமாகவே நின்றால் சரி. டியூப் டயராக இருந்தால் வால்வு சாய்ந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் குறைந்த காற்றில் வண்டி ஓடி, டயரோடு டியூபும் ரிம்மில் நகர்ந்திருக்கிறது. அப்படியே விட்டால் வால்வின் அடியில் கிழியும். அது ஒட்டுப்போட முடியாத கிழிசல். டியூப்லெஸ் என்றால் வால்வின் ரப்பர் அடியை விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் டயர் மாற்றும்போது அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

பங்க்கில் எந்த வண்டி வந்தாலும் முன்னும் பின்னும் 35 வைத்து அனுப்புவது கோபம் வர வைக்கிறது. முன் டயரில் 35 வைத்தால் ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தனியாளுக்கு எவ்வளவு, இருவருக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். அதைப் படித்து நீங்களே சொல்லுங்கள். கையில் ஒரு கேஜ் வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள், மூடி தொலைந்தால் உடனே போடுங்கள்.

ஏற்கெனவே நைட்ரஜன் அடித்திருந்தால், குறையும்போது சாதாரணக் காற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம். நைட்ரஜன் கடை தேடி 20 பிஎஸ்ஐயில் வண்டியை ஓட்டிப் போகாதீர்கள்.